வடக்குக் காலனி

தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தால் கை ஒரு பக்கம் போகும், மனசு ஒரு பக்கம் சும்மா கிடக்கும் என்று நம்பித்தான் அஞ்சலாட்சி இன்றைக்கு ஒன்பதே முக்காலுக்கெல்லாம் வந்து தொட்டியடியில் நின்றுவிட்டாள். மனசு எங்கே சும்மா கிடக்கிறது. வலையில் மாட்டின கெளுத்தி மாதிரி, எந்தப் பக்கம் உருவினாலும் முள் தைக்கிறது, நேற்று மூணு மணிக்குக் காதில் விழுந்த அந்தப் பேச்சு. வடக்குக் காலனி பூரா பரவிட்டுது மேடம். முதலில் விழுந்தது இதுதான். அவள் அப்போது ஆராய்ச்சி பண்ணுகிற பையன் ஜெர்வின் அறைக்கு வெளியே நடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கதவு ஒரு சாண் திறந்திருந்தது, அவன் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் நின்றான். இனி விட்டா தெற்குக்கும் வந்துரும் என்றான். அந்தப் பக்கம் சென்னையிலிருந்து மேடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு, மொத்தத்தையும் அழிச்சிரலாம் மேடம், நீங்க நாளைக்கு வந்துருங்க, ஒரேயடியா முடிச்சிரலாம். அதோடு விட்டிருந்தால் அஞ்சலாட்சி வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள், படிப்புக்காரர்கள் எதையோ அழிக்கிறார்கள், நமக்கென்ன என்று. குரலைத் தாழ்த்தினான் பாருங்கள், அதுதான் அவளைச் சுவரோடு சாய வைத்தது. இல்ல மேடம், யாருகிட்டயும் மூச்சு விடல. ரிப்போர்ட்டுல எழுதாண்டாமா, சரி மேடம். வேலாங்குப்பத்தில் காலனி என்றால் ஒன்றுதான். அலை வந்து குப்பத்தை வாரிக்கொண்டு போன பிறகு ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் கட்டிக்கொடுத்த வீடுகள். நடுவில் ஓடுகிற தார்ரோட்டுக்கு இந்தப் பக்கம் வடக்குக் காலனி, அந்தப் பக்கம் தெற்குக் காலனி. வடக்கில் நாற்பத்திரண்டு வீடு. கோடியிலிருந்து ஏழாவது அஞ்சலாட்சி வீடு. இந்தக் கடல் ஆராய்ச்சி நிலையத்து மதில்மேல் ஏறி நின்றால் அவள் கொல்லைக் கொடியில் காயும் பாவாடை தெரியும். இவர்கள் அழிக்கப் போகிற வடக்குக் காலனி வேறு எதுவாக இருக்க முடியும்?

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமலும் எப்படி இருப்பது. நேற்றுச் சாயந்தரம் தண்ணிக் குழாயடியில் ஓரகத்தி பூரணி குடத்தைக் கழுவிக்கொண்டே, "என்ன புள்ள, மூஞ்சி பேயறைஞ்சாப்புல இருக்கு?" என்று கேட்டபோது வாய் தானாகத் திறந்துகொண்டது. இவள் சொன்னது நாலு வார்த்தை. பூரணி அதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்தபோது பத்து வார்த்தை ஆகியிருக்கும், ஏனென்றால் பூரணியின் புருசன் இருசப்பன் ஊர்ப் பஞ்சாயத்து நாட்டாரில் ஒருவர், அஞ்சலாட்சிக்கு மூத்தார், அவர் காதுக்குப் போனது ஊருக்குப் போனது. விடிந்ததும் கோயில் முன்னால் கூடிவிட்டார்கள். அவள் இட்லிக்கு மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது பூரணி வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே, "ஊருல கட்டுப்பாடு போட்டாச்சு. அந்த ஆபீசுக்கு இனிமே ஒரு போட்டும் போவக் கூடாது, மீனு குடுக்கக் கூடாது, நம்ம சனம் வேலைக்கும் போவக் கூடாது" என்றாள். "அப்ப நானு?" "நீ இன்னைக்கு ஒரு நாளு போ. ஒன் மூத்தாரு உச்சிக்கு அங்க வருவாரு. அந்த மேடத்தை வச்சிக்கிட்டு நீ கேட்டதைக் கேட்டபடி சொல்லணும். சொன்னியானா கட்டுப்பாடு நிக்கும். இல்ல, தப்பாக் கேட்டுப்புட்டேன்னு சொன்னியானா," பூரணி அங்கே நிறுத்தி, வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினாள், "ஊரைக் கூட்டி வச்சு வெளையாடுனேன்னு ஆயிடும்டி. கோயில் வாசல்ல விழுந்து எந்திரிக்கணும். ஒனக்குத் தெரியாததா?" தெரியும். ஊருக்குப் பொய்ச் சேதி சொன்னாள் என்று கன்னியம்மாள் விழுந்து எழுந்ததை அஞ்சலாட்சி பார்த்திருக்கிறாள், நெற்றியில் மணல் ஒட்டிக்கொண்டு, அதைத் துடைக்கக்கூட கை வராமல், வீடு வரைக்கும் அப்படியே நடந்து போனாள். அதற்குப் பிறகு கன்னியம்மாள் மழை வருகிறது என்று சொன்னால்கூட யாரும் துணியை எடுப்பதில்லை.

இந்தத் தட்டு கண்ணாடித் தட்டு, உள்ளங்கை அகலம், மேலே ஒரு மூடி. பதினோரு வருசமாக இதையேதான் தேய்க்கிறாள். முதல் நாள் வந்தபோது இவர்கள் பெரிய குடுவையில் கடல்பாசி காய்ச்சி இந்தத் தட்டில் ஊற்றி உறைய வைப்பதைப் பார்த்து, யார் வீட்டிலோ விசேசம் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவள் சின்னப் பிள்ளையில் நோன்புக் காலத்தில் சாய்பு வீட்டிலிருந்து வரும், பாலும் சர்க்கரையும் போட்டு, வழவழவென்று தொண்டையில் இறங்கும். விசேசமில்லக்கா, கிருமி தின்னுறதுக்கு என்று சிரித்தார்கள். கிருமிக்குக் கடல்பாசியில் விருந்து வைத்து, வளர்த்து, எண்ணி, நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு அவளிடம் கொடுத்துக் கொன்றுவிடச் சொல்வார்கள். கொல்கிறதும் அவள்தான். ஆளுயரக் குக்கர் ஒன்று இருக்கிறது, அதில் அடுக்கி மூடியை முறுக்கி ஆவியில் வேகவிட்டால் உள்ளே இருக்கிற எதுவும் பிழைக்காது, திறக்கும்போது கருவாட்டுப் பானையும் மருந்துக்கடையும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி ஒரு வாடை குபீரென்று முகத்தில் அடிக்கும், முடியில் ஏறிக்கொண்டால் சீயக்காய்க்கும் போகாது. கெட்ட கிருமி இல்லக்கா, விளக்குக் கிருமி என்று ஜெர்வின் ஒருநாள் சொன்னான். காரப்பொடி மீன் இருக்கிறதே, வெள்ளிக் காசு மாதிரி, குழம்புக்கு அள்ளிப் போடுகிறோமே, அதன் தொண்டையைச் சுற்றி ஒரு பை, அந்தப் பைக்குள் குடியிருக்கிறது இந்தக் கிருமி, லட்சக் கணக்கில். மீன் இடம் கொடுக்கிறது, சாப்பாடு கொடுக்கிறது. கிருமி வெளிச்சம் கொடுக்கிறது. அஞ்சலாட்சிக்கு அப்போதுதான் விளங்கிற்று, கல்யாணம் ஆன புதிதில் சட்டிக்குள் ஆய்ந்து வைத்த காரப்பொடி இருட்டில் நீலமாக மினுங்கினதைப் பார்த்து அவள் அலறி, மாமியார் வந்து திட்டினது எதனால் என்று. வாடகை இல்லாத குடித்தனம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. இடம் கொடுத்தவன் வெளியே போ என்றால் கிருமி எங்கே போகும். அதற்குப் பட்டாவா இருக்கிறது. பட்டா என்றதும் தட்டு கை வழுக்கி விளிம்பு தொட்டியில் டணக்கென்று இடித்தது, உடையவில்லை, நல்லவேளை.

பரவிவிட்டது என்றானே, என்ன பரவியது? போன வாரம் காலனியில் நாலைந்து பிள்ளைகளுக்கு இருமல். ஏழாம் வீட்டிலிருந்து, அதாவது அவள் வீட்டிலிருந்து, இரண்டாம் வீட்டுக்கு, அங்கிருந்து பால்வாடிக்கு. மழைக்கால இருமல்தான் என்றுதான் எல்லாரும் கஷாயம் வைத்தார்கள். அவளே தினமும் இங்கேயிருந்து அதே சேலையோடு வீட்டுக்குப் போகிறாள், தலைமுடியில் அந்த வாடையோடு போகிறாள். அவள்தான் கொண்டுபோனாளா? அதை மூடி மறைக்கத்தான் மூச்சு விடவில்லை என்கிறானா? சே, இருமலுக்கு யாராவது வீட்டை அழிப்பார்களா. அழிக்க மாட்டார்கள், ஆனால் காலி பண்ணச் சொல்லலாம் இல்லையா, சுகாதாரம் என்று ஒரு பேரைச் சொல்லி. இந்த மாதிரி யோசித்தால் முடிவே இல்லை என்று தெரிகிறது, தெரிந்தும் அது பாட்டுக்குப் போகிறது. ஜெர்வின் நல்ல பிள்ளை. நாகர்கோயில் பக்கம், தாயில்லாதவன், அவள் கொண்டுவரும் குழம்பை விரல் நக்கித் தின்பான், எக்கா இந்தச் சென்னாக்குன்னி இறாலை எங்க ஊர்ல இப்படி வைக்கத் தெரியாதுக்கா என்பான். நல்ல பிள்ளைதான் குரலைத் தாழ்த்துகிறது. கெட்டவன் என்னத்துக்குத் தாழ்த்தப் போகிறான், அவன் உரக்கவே சொல்வான். போன மாசம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான், உங்க காலனியில எத்தனை வீட்டுக்குக்கா பட்டா இருக்கு என்று. ஒருத்தருக்கும் இல்ல தம்பி, மூணு வருசத்துல தர்றேன்னாங்க, அலை வந்த வருசத்துப் புள்ளைக்கு இப்ப மீசை மொளைச்சிட்டுது என்றாள். அவன் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தான். ஏன் தம்பி கேக்குற என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, மீன் தலை வேணுமா என்றுதான் கேட்டாள். கடலோரத்து மனையை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டுதான் அந்த வீட்டுச் சாவியைக் கையில் போட்டார்கள். அதுவும் இல்லை, இதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. நடுவில் நிற்கிறது ஊர்.

இன்னொன்றும் இருக்கிறது, நேற்று இரவு முழுக்க அதை நினைக்காமல் தள்ளிவைத்துப் பார்த்தாள். மேடம் பேர் வசுமதி, பெரிய டாக்டர், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அவரும் ஜெர்வினும் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே பேசிச் சிரித்தார்கள். "முதுகெலும்பே கிடையாது அதுங்களுக்கு" என்றார் மேடம். "மண்ணுக்குள்ள புதைஞ்சுக்கிட்டு தலைய மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். வாயில எது வந்து விழுதோ அதைத் தின்னும். ஐம்பது கோடி வருசமா ஒண்ணும் மாறல. ஆதிக் கூட்டம்!" டீ டம்ளரைக் கழுவ எடுக்கப் போன அஞ்சலாட்சியும் சேர்ந்து சிரித்தாள். மேடம் அவளைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாததா அஞ்சலாட்சி, உங்க ஊர் மண்ணுதானே" என்றார். அது மீனைப் பற்றி. அவளுக்குத் தெரியும். முகத்துவாரத்துக்கு வடக்கேயும் தெற்கேயும் மணலை வாளி வாளியாக அள்ளிச் சலித்தால் கிடைக்கிற ஒரு சின்னப் பிராணி, விரலின் நீளம்கூட வராது, இரண்டு பக்கமும் கூர், மூஞ்சி எது வால் எது என்று தெரியாது, உள்ளே பார்த்தால் கண்ணாடி. மீனுக்கும் முந்தின மீன் என்பான் ஜெர்வின். உலகத்தில் முள்ளே உண்டாகாத காலத்து மீன். அதன் குடலில் எந்தக் கிருமி குடியிருக்கிறது, பழைய மீனுக்குள் பழைய கிருமியா என்று பார்க்கத்தான் நாலு மாசமாக மண்ணை அள்ளுகிறார்கள், அவள் புருசன் கோவிந்தராசுவின் ஃபைபர் போட்டில்தான் வாளி போகும், வரும். ஆனால் சிரிப்பு எதற்கு? மீனைப் பற்றிப் பேசும்போது யார் அப்படிச் சிரிப்பார்கள்? முதுகெலும்பில்லாத கூட்டம், வாயில் விழுந்ததைத் தின்னும், கைநாட்டு வைக்கச் சொன்னால் வைக்கும். அவளும் அல்லவா சிரித்தாள். உங்க ஊர் மண்ணுதானே என்றபோது மேடத்தின் கண் எங்கே இருந்தது? டம்ளரிலா, ஜெர்வின் மீதா? ஞாபகம் இல்லை. மனசு ஒன்றை வைக்கிறது, இன்னொன்றை எடுக்கிறது. ரெண்டு மாசம் முன்பு யாரோ வெளியூர்க்காரர்கள் வந்து மூணு காலில் நிற்கிற கருவியை வைத்துக்கொண்டு ரோட்டை அளந்தார்களே, என்னாத்துக்குங்க என்று கேட்டதற்குச் சும்மா என்றார்களே. சும்மா யாராவது வெயிலில் நிற்பார்களா?

பதினொன்றேகாலுக்கு மேடத்தின் கார் உள்ளே வந்த சத்தம் கேட்டது. சென்னையிலிருந்து விடியக் கிளம்பியிருக்க வேண்டும். நாளைக்கு வந்துருங்க என்றான், வந்துவிட்டார். அஞ்சலாட்சி குழாயை மூடினாள், கேட்பதற்காக. மாடியில் ஒரு கதவு, பிறகு ஒரு கதவு, பிறகு காலடி கீழே இறங்கி அவளை நோக்கி வந்தது, செருப்பின் சத்தத்தை வைத்தே ஜெர்வின் என்று தெரிந்தது, குதிகாலைத் தேய்த்து நடப்பான். கையில் நீல டிரே. முகம் வெளிறிக் கிடந்தது. "எக்கா, இன்னைக்கு போட் ஏன்க்கா வரல? அண்ணன் போனும் எடுக்கல." "அவுங்க கடலுக்குப் போயிருக்காங்க தம்பி. ரெண்டு நாளாவும்." அதில் பொய் இல்லை, முழு நிசமும் இல்லை. "வேற போட்டாவது..." என்று தொடங்கி விட்டுவிட்டான். டிரேயை மேடைமேல் வைத்தான், உள்ளே தட்டுகள், மேலே சிவப்பு மையில் கோணல் எழுத்து. "இதை உடனே குக்கர்ல போட்டுருங்கக்கா. ரெண்டு தடவை வேகவிடுங்க. கையில உறை போட்டுக்குங்க." பிறகு யாருக்கோ சொல்வது போல, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "வடக்குக் காலனி. மொத்தமும் போச்சு." அஞ்சலாட்சி அவன் முகத்தைப் பார்த்தாள், டிரேயைப் பார்த்தாள், மறுபடி அவன் முகத்தை. உறை மாட்டப் போன கை பாதியில் நின்றது. "எது தம்பி போச்சு?" "இதுதான்க்கா. வடக்கு மண்ணுல இருந்து வந்த மீனோட குடல் கிருமிக் காலனி. பூஞ்சை விழுந்து எல்லாத்துலயும் பரவிட்டு. நான்தான் மூடியச் சரியா மூடாம விட்டுட்டேன். நாலு மாச வேலை. மேடம் பெரிய மனசு, ரிப்போர்ட்டுல எழுதாண்டாம், திரும்ப முதல்ல இருந்து செய்வோம்னாங்க." அவன் கண் ஓரத்தில் தண்ணீர் நின்றது. அவளுக்கு அது தெரிந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. "காலனின்னா?" என்றாள். "காலனின்னா என்ன தம்பி?"

அவன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான், அதுவும் தெற்குத் தட்டைத்தான், கெடாமல் இருந்ததை. கறுப்புத் திரை போட்ட சின்ன அறை, கதவைச் சாத்தினால் நட்ட நடுப் பகலிலும் கைக்குக் கை தெரியாது. கொஞ்சம் பொறுங்கக்கா, கண்ணு பழகட்டும். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இருட்டில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் புள்ளி, பக்கத்தில் இன்னொரு புள்ளி, பிறகு எண்ண முடியாமல், நீலமுமில்லாமல் பச்சையுமில்லாமல், மினுங்காமல் அப்படியே நின்று எரிகிற வெளிச்சம். வடக்கிலயும் இப்படித்தான்க்கா இருந்திச்சு, நேத்து வரைக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலனி. ஒரு கிருமி வந்து உக்காந்து, பெருகி, ஒரே குடும்பமா இருக்கும். புரட்டாசி மாசம் போட்டில் திரும்பும்போது தூரத்தில் கரை எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அதேதான், அவள் தெரு, தெரு விளக்கு, பூரணி வீட்டு வாசல் பல்பு. ஒரு மூச்சு வெளியே வந்தது, நேற்று மூணு மணியிலிருந்து உள்ளே நின்ற மூச்சு. வீடு இருக்கிறது. ஏழாம் வீடு அங்கேயே இருக்கிறது. அடுத்த மூச்சில் கோயில் வாசல் வந்தது, நெற்றி மணல் வந்தது. அவள் தப்பாகக் கேட்கவில்லை, கேட்டதைக் கேட்டபடிதான் சொன்னாள், அவர்கள் சொன்ன வார்த்தைதான் வேறு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டது. எதற்கு இதற்கு அந்தப் பேரை வைத்தார்கள்? கொத்து என்று வைத்திருக்கலாம், கூடு என்று வைத்திருக்கலாம். கண்ணாடிக்குள் வைத்து வளர்த்து எண்ணிப் பார்த்து வேண்டாமென்றால் வேகவைக்கிற பொருளுக்கும் அவள் குடியிருக்கிற தெருவுக்கும் ஒரே பேர். இதில் எது முதலில் வந்த பேர்? இந்தக் கோபம் எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. வீடு தப்பித்ததற்குச் சந்தோசப்பட வேண்டியவள், இருட்டில் நின்றுகொண்டு ஒரு வார்த்தையோடு சண்டை போடுகிறாள். "பயந்துட்டீங்களாக்கா?" என்றான் ஜெர்வின், எதற்கு என்று தெரியாமலே. "இல்ல தம்பி" என்றாள்.

இருசப்பன் சொன்ன சொல் மாறாமல் உச்சிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கூட நாட்டார் ரெண்டு பேர், செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டிருந்தார்கள். மேடம் படியிறங்கி வந்து, "வாங்க, உள்ள உக்காந்து பேசலாமே" என்றார். "இருக்கட்டும் மேடம். நின்னுக்கிட்டே பேசுனா சீக்கிரம் முடியும்" என்றார் இருசப்பன். பிறகு திரும்பி, "வா புள்ள. நேத்து நீ என்ன கேட்ட, சொல்லு. பயப்படாத, ஊரு இருக்குது" என்றார். மேடத்துக்குப் பின்னால் ஜெர்வின். வெயில் உச்சந்தலையில் இறங்கிற்று, ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்தும் ஈரமாகவே இருந்தது. கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிட்டால் போதும், அதில் ஒரு பொய்யும் இல்லை. கட்டுப்பாடு நிற்கும், இந்தத் தொட்டியடி வேலை போகும், மானம் நிற்கும். இந்தப் பிள்ளை பேரில் ஊர்ச் சாபம் விழும். அவன் கண்ணோரத் தண்ணீர் இப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தது அவளுக்கு. "நான் தப்பா வெளங்கிக்கிட்டேன் மாமா" என்றாள். "தம்பி சொன்னது கண்ணாடித் தட்டுல மொளைக்கிற கிருமிய. அதுக்கும் காலனின்னுதான் பேராம். சத்தியமா அது நம்ம காலனி இல்ல." கூட வந்த நாட்டாரில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். "கிருமிக்குக் காலனியாடா! அதுக்கும் கவர்மெண்டு பட்டா குடுக்கலியா?" இருசப்பன் சிரிக்கவில்லை. அவர் காதின் மேல்புறம் சிவந்ததை அவள் பார்த்தாள். "காலையில ஊரைக் கூட்டுனவன் நானு" என்றார் மெதுவாக. "சாயந்தரம் கோயிலுக்கு வந்துரு." மேடத்துக்கு இப்போதுதான் விசயம் விளங்கி, கையை வாயில் வைத்துக்கொண்டு, "அய்யோ அஞ்சலாட்சி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று சிரித்தார். நல்ல சிரிப்புதான், சூதில்லாத சிரிப்பு. இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி, கட்டுப்பாடு தீந்துச்சு, போட்டை எறக்கச் சொல்லுங்கடா என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். அவ்வளவுதான். முடிந்தது. கேட்டிருக்கக் கூடாதா என்றாரே, அந்த வார்த்தை மட்டும் அவள் காதில் நின்றது, கேட்டால் என்ன, விழுந்து எழுந்திருக்கப் போகிறவளுக்கு இன்னும் என்ன போகப் போகிறது. "சரிங்க மேடம், இப்பக் கேக்குறேன்" என்றாள். "எங்க காலனிய எடுக்குற பேச்சு ஏதாவது இருக்குதா?" மேடத்தின் சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது, கண் மட்டும் கிளம்பி ஜெர்வினிடம் போய்த் திரும்பிற்று. அவன் தரையைப் பார்த்தான். "அது எங்க செக்ஷன் இல்லம்மா" என்றார் மேடம். அது. இல்லை என்று சொல்வார்கள், தெரியாது என்று சொல்வார்கள், என்னம்மா உளறுறீங்க என்றுகூடச் சொல்வார்கள். அது என்றார். இல்லாத ஒன்றுக்கு யாரும் அது என்று சொல்ல மாட்டார்கள், செக்ஷனும் இருக்காது. கொஞ்சமாவது பொய் பேசத் தெரிந்திருந்தால் இவர் தப்பித்திருப்பார் என்று தோன்றிற்று அவளுக்கு, மேடத்தைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. மேடம் வேறு ஏதோ சொல்லத் தொடங்கினார், அஞ்சலாட்சி அதைக் கேட்கவில்லை. கேட்டைத் தாண்டி, வெறுங்காலோடு, கொதிக்கிற தாரில் இறங்கிப் போய் அவர்களை மறித்து நின்றாள். "மாமா. சாயந்தரம் வந்து விழறேன், நான் கேட்டது தப்புதான்" என்றாள். மூச்சு வாங்கிற்று. "கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துராதீங்க."